தாயைப் பார்க்கலாமா?

செவ்வாய்க்கிழமை காலை இவோனி பாம்பறையைத் திறந்தபோது அமேலியா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அமேலியா ஒன்பது வயது ஜிபோயா, விஷமில்லாத பெரிய பாம்பு வகை. இவோனியின் முன்னங்கை அளவு தடிமன், சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு, வால் பக்கம் போகப் போகச் செங்கல் நிறமாக மாறும் பட்டைகள். பாம்பு தலையைத் தூக்குவதில் அதிசயம் எதுவும் இல்லை. கதவின் அதிர்வுக்குத் தூக்கும், எலி வாடைக்குத் தூக்கும், நாக்கை நாலு தரம் நீட்டிவிட்டு இறக்கிக்கொள்ளும். அன்றைக்கு அமேலியாவின் உடம்பு ஒரு முழம் உயரத்துக்கு நட்ட குச்சிபோல எழுந்து நின்றது. அதற்கு மேல் தலை பின்னால் மடங்கி, தாடைக்கு அடியிலிருந்த வெள்ளைச் செதில்கள் முழுக்கத் தெரிந்தன. வாய் ஒரு நூலளவு திறந்திருந்தது. நாக்கு வரவே இல்லை.

இவோனி விரலால் அதன் தலையை மெல்ல அழுத்தித் தாழ்த்தினாள். அது எதிர்க்கவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தைபோலத் தாழ்ந்தது. கையை எடுத்தாள். கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், தலை மறுபடி மேலே போய் அதே இடத்தில் நின்றது.

அவளும் அண்ணாந்து பார்த்தாள். பழைய கார் கொட்டகையைத்தான் அவள் பாம்பறையாக மாற்றியிருந்தாள். மேலே சிமெண்ட் தகடு, ஒரு பல்பு, ஒரு மூலையில் நூலாம்படை. வேறொன்றும் இல்லை.

பதினெட்டு வருடமாக இவோனிக்கு இதுதான் தொழில். மினாஸ் மாநிலத்தில் அரசாங்க உரிமத்தோடு ஜிபோயா வளர்த்து விற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் அவள் பேருக்குத் தனி மதிப்பு இருந்தது. ஒவ்வொரு குட்டிக்கும் தோலுக்கடியில் சிப், கையில் ரசீது, என்றைக்கு என்ன தின்றது, என்றைக்குத் தோல் உரித்தது என்று நாள் வாரியாக ஓர் அட்டை. பிறந்து நாலு மாதம் ஆகாத குட்டியைக் கொடுக்க மாட்டாள். தீனி மறுத்த குட்டியை, வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்க மாட்டாள். "இவோனிகிட்ட வாங்குனது நோயில விழுந்துச்சுன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லு பாப்போம்" என்று பாம்பு வளர்ப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு தன் காதுக்கு வரும்போதெல்லாம் அதைக் கேட்காததுபோல இருப்பாள். தனியாக இருக்கும்போது அதை மறுபடி மறுபடி தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அமேலியா வியாழக்கிழமை மத்தியானம் செத்தது. செத்த பிறகும் தலை தாழவில்லை. விறைத்துப்போன அந்தக் கழுத்தை ஒடிக்க மனம் வராமல், ஜபுதிகாபா மரத்தடியில் குழியை வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதல் ஆழமாகத் தோண்டி, நின்ற வாக்கிலேயே தலையை வைத்து மண் தள்ளினாள்.

கால்நடை மருத்துவர் அன்செல்மோ தொலைபேசியில் வளவளவென்று பேசவில்லை.

"எனக்கு எதுன்னு தெரியும், உனக்கும் தெரியும். ரத்தம் அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த அறையிலேர்ந்து ஒரு புழு கூட வெளிய போகக் கூடாது. சரியா?"

"சரி."

"அதோட குட்டிங்க எத்தனை இருக்கு?"

"பத்தொம்பது."

"அடக் கடவுளே" என்றார் அன்செல்மோ. பிறகு, "மனுஷங்களுக்கு இது ஒட்டாது. அந்தப் பயம் வேணாம். பாம்புக்குள்ளயே சுத்துற வியாதி" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் ப்ளீச் ஊற்றிக் கழுவினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் வருவதாக ஒரு மாதம் முன்பே பேசி வைத்திருந்தது அவளுக்கு நினைவில்லை. வாசல் மணி அடித்த பிறகுதான் நினைவு வந்தது.

வந்தவர் பெயர் ஜெனாரோ. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, ஈரம் காயாத தலைமுடி, கையில் ஒரு டப்பா நிறைய சோள கேக். ஜூன் மாதம், தெருவெல்லாம் புனித ஜான் திருவிழாவுக்குக் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள்.

"டோனா இவோனி, கேக் நானே பண்ணுனது. நல்லா இல்லேன்னா பாம்புக்குப் போட்றாதீங்க, அது பாவம்" என்றார்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இங்கே நோய் இருக்கிறது, இன்றைக்கு விற்பனை இல்லை, மன்னிக்கணும் செயு ஜெனாரோ. மூன்றே வாக்கியம். வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

"என் சம்சாரம் தீர்சி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுல ஒரு உசிரு வேணும்னு தோணுச்சு. நாய் பூனைன்னா முடி, எனக்கு இளைப்பு. பாம்புன்னா சத்தமில்ல, முடியில்ல, பத்து நாளைக்கு ஒருக்கா சாப்பாடு. என் மாமியாரு இப்படி இருந்திருந்தா என் ஆயுசு இன்னும் பத்து வருஷம் கூடியிருக்கும்." சிரித்தார். "மொதல்ல சந்தையில ஒருத்தன்கிட்டப் போனேன். கார் டிக்கியில வச்சு விக்கிறான். ரசீது இல்ல, சிப் இல்ல, கண்ணைச் சுத்தி உண்ணி. அங்க நின்ன பையன் ஒருத்தன்தான் காதுல சொன்னான்: 'பெரியவரே, டோனா இவோனிகிட்டப் போங்க. அந்தம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது'ன்னு."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பிற்பாடு எத்தனையோ தரம் அவள் அந்தக் கணத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தாள். காசுக்காகச் செய்திருந்தால்கூடத் தன்னிடமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் செய்தது, ஒரு வயதான மனிதர் தன் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரு நல்ல வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்தான்.

ஜெனாரோ சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். பெரிய பெரிய எழுத்தில், எண் போட்டு, இளம்பாம்பு வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்று எழுதி வைத்திருந்தார். எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவள் அடுக்கிலிருந்து பெட்டிகளை இழுத்துக் காட்டினாள். அவர் நிதானமாகப் பார்த்து, ஏழாவது பெட்டியில் இருந்த ஒரு பெண் குட்டியைத் தேர்ந்தெடுத்தார். முக்கால் கஜம் கூட நீளமில்லை, பட்டைகளின் ஓரம் தங்கம் பூசியதுபோல மினுங்கும்.

"கண்ணு?"

"தெளிவா இருக்கு, பாருங்க. மூக்குல நுரை இல்ல. வாய்க்குள்ள ரோஸ், கோழை கிடையாது."

"உண்ணி?"

அவள் வெள்ளைத் துணியால் தலையிலிருந்து வால் வரை துடைத்துக் காட்டினாள். துணியில் ஒரு கரும்புள்ளியும் இல்லை. முதுகெலும்பு புடைக்கவில்லை. பின்துவாரம் சுத்தம். கையில் விட்டதும் அது அவர் மணிக்கட்டை நிதானமாகச் சுற்றிப் பிடித்தது. இளைப்பு இருக்கிற அந்த நெஞ்சு ஒரு நிமிடம் மூச்சு விட மறந்தது.

"இதென்ன பிடி! பஸ்ஸுல கம்பியைப் பிடிக்கிற மாதிரி" என்றார். தாளைப் பார்த்தார். "இங்க ஒண்ணு போட்டிருக்கு, மல்லாக்கப் போட்டா உடனே திரும்பணுமாம்."

அதை மேசையில் மல்லாக்கப் போட்டாள். வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. ஒன்று. இரண்டு. அது புரண்டு நேரானது. ஆரோக்கியமான குட்டி ஒன்று எண்ணுவதற்குள் புரளும் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"சபாஷ்" என்றார் ஜெனாரோ. விரல் தாளில் கடைசி வரிக்கு வந்தது. "தாயைப் பார்க்கலாமா?"

ப்ளீச் வாடை மூக்கில் ஏறியது. முதலாவது பெட்டி காலியாக, ஈரம் காய்வதற்காகத் திறந்து கிடந்தது. அவள் அதைத் தாண்டி மூன்றாவது பெட்டியை இழுத்தாள். அதில் கொரினா சுருண்டு கிடந்தது. குட்டி போடாத பாம்பு.

"இதுதான் தாய்" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் கண் தரையில் இருந்தது.

ஜெனாரோ குனிந்து, இரண்டு விரலால் கொரினாவின் முதுகைத் தடவினார். "தாயே, உன் பொண்ணை நான் நல்லாப் பாத்துக்குறேன். ஒரு குறையும் வராது" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. கையைச் சிலுவைக்குறி போடுவதுபோல நெற்றிக்குக் கொண்டுபோய், பாம்பு முன்னால் அப்படிச் செய்யலாமா என்ற வெட்கத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு இவோனி கேக்கைத் திறந்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு துண்டு வாயில் வைத்தாள். அதைத் துப்பிவிட்டு டப்பாவை மூடினாள்.

அன்று சாயங்காலமே முதல் குரல் பதிவு வந்தது. "டோனா இவோனி, பொண்ணு வந்து சேந்தா. தூங்குறா. நானும் சத்தம் போடாம நடக்குறேன். என் வீட்டுலயே நான் திருடன் மாதிரி நடக்குறேன்!" பின்னால் இரும்புத்தாது ரயில் போகும் சத்தம். அவர் வீடு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம்.

புதன்கிழமை அன்செல்மோ கூப்பிட்டார். ரிசல்ட் அவர்கள் பயந்ததுதான்.

"எல்லாத்தையும் ஊசி போட்டுத் தூங்க வைக்கணும், இவோனி. வேற வழியில்ல. வர்ற ரெண்டு திங்கக்கெழமையும் விட்டு மூணாவது திங்கக்கெழமை நான் வர்றேன்." பிறகு கேட்டார்: "இந்த ஈத்துலேர்ந்து எதையும் வெளிய விட்டிருக்கியா?"

"இல்ல" என்றாள்.

முதல் பொய்யைச் சொல்ல அவளுக்கு ஒரு மனிதரின் புகழ்ச்சி வேண்டியிருந்தது. இரண்டாவது தானாகவே வந்தது.

ஒன்பதாம் நாள் வந்த பதிவில் ஜெனாரோவின் குரலில் தயக்கம் இருந்தது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும். பொண்ணு நேத்துலேர்ந்து மேலயே பாத்துக்கிட்டிருக்கா. தலையை இறக்கவே மாட்டேங்குறா. இது சரிதானா?"

அவள் ஒரு மணி நேரம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டினாள்: வெளிச்சத்தைப் பார்க்கிறாள். புது இடம். பழகிவிடும்.

அனுப்பிய கையோடு பாம்பறைக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே வெதுவெதுப்பான இருட்டு, தேங்காய் நாரின் ஈர வாடை, அதற்கும் அடியில் இன்னும் போகாத ப்ளீச். வழக்கமாக அந்த அறையில் ஒரு சத்தமும் இருக்காது. பாம்புகள் நார் மேல் நகரும்போது துணி மடிக்கிற மாதிரி ஒரு சலசலப்பு எப்போதாவது கேட்கும், அவ்வளவுதான். அன்றைக்கு வேறொரு சத்தம். மெல்லிய, உலர்ந்த, விடாமல் வருகிற சத்தம். நகத்தால் பிளாஸ்டிக்கைச் சுரண்டுவதுபோல. ஒரு பெட்டியில் அல்ல. எல்லாப் பெட்டியிலும்.

கொரினாவின் பெட்டியை இழுத்தாள். கொரினா நிமிர்ந்து நின்றிருந்தது. மூக்கு நுனி மூடியில் தேய்ந்து, செதில் உரிந்து, அங்கே ஒரு சின்ன ஈரச் சிவப்பு. மற்றப் பெட்டிகளையும் அவள் இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நேர்க்குச்சி. ஒவ்வொன்றிலும் பின்னால் மடங்கிய ஒரு தலை. அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினாள். மூடும்போது தன் தலையும் மேலே எழப் பார்ப்பதை உணர்ந்தாள். முகவாய்க்கு அடியில் யாரோ ஒரு விரலை வைத்து, அன்பாக, அவசரமே இல்லாமல், மேலே தள்ளுவதுபோல.

குனிந்துகொண்டாள். குனிந்தபடியே கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து நடக்கவில்லை. ரொட்டிக்கடைக்குப் போகும்போது தலைக்கு மேலே திருவிழாக் கொடிகள் காற்றில் படபடக்கும். அவள் நடைபாதைக் கல்லைப் பார்த்துக்கொண்டே போவாள். கடைக்காரி, "என்ன டோனா இவோனி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் காது வரை சூடாகியது. தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்களோ என்று தோன்றியது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பதின்மூன்றாம் நாள். "டோனா இவோனி." நீண்ட மூச்சு. "நாற்காலியை அவ பெட்டி பக்கத்துல போட்டுக்கிட்டேன். அவ என்ன பாக்குறான்னு நானும் பாக்குறேன். முப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், இந்தக் கூரையை ஒரு நாள் கூட நான் ஒழுங்காப் பாத்ததில்ல பாத்துக்கங்க."

குரல் மாறியிருந்தது. ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது விளங்கியது. முடிதிருத்தும் கடையில், தலையைப் பின்னால் சாய்த்து, சவரக்கத்திக்குக் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு பேசுகிறவனின் குரல் அது. இழுபட்ட தொண்டையிலிருந்து, ஒவ்வொரு சொல்லையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கி விழுங்கிப் பேசுகிற குரல்.

மனுஷங்களுக்கு ஒட்டாது என்று அன்செல்மோ சொன்னார். அவரிடம் கேட்கலாம். கேட்டால், எந்த மனிதர் என்று கேட்பார்.

அவள் கேட்கவில்லை.

பதினாறாம் நாள். "கூரையில, ரெண்டு பலகைக்கு நடுவுல. எலி இல்ல. எலின்னா ஓடும். அது அசையவே இல்ல, டோனா இவோனி. நாங்கதான். நாங்கதான் கொஞ்சம் கொஞ்சமா அதுகிட்டப் போய்க்கிட்டிருக்கோம்."

பதினெட்டாம் நாள் வந்த பதிவில் சொல் எதுவும் இல்லை. மூன்று நிமிடம். ரயில் வருகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன, ரயில் போய்விடுகிறது. அதற்கப்புறம் ஒரு தொண்டை விழுங்கும் சத்தம். மறுபடி விழுங்கும் சத்தம். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, உலர்ந்த ஒரு சுரண்டல்.

அவள் அதை அழித்தாள். முந்தைய எல்லாவற்றையும் அழித்தாள். அழித்த பிறகு, யாரும் இல்லாத வீட்டில், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அன்செல்மோ வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஊர் பாதி உறங்குகிற நேரத்தில் அவள் ரயில்பாதையைக் கடந்தாள். மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தாள். சொல்ல வேண்டியதைக் குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தும் இருந்தாள்.

பக்கத்து வீட்டு நெயூசா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஜெனாரோவைப் பாக்க வந்தீங்களா? நல்ல காலம்! ரெண்டு வாரமா ஆளே வெளிய காணோம். நேத்து ஜன்னல் கிட்ட நின்னு, 'யோவ், உசிரோட இருக்கியா'ன்னு கத்துனேன். 'வேலையா இருக்கேன்'னாரு. ரிட்டையர் ஆன மனுஷனுக்கு என்ன வேலை சொல்லுங்க! அப்புறம் பாத்தா, நாள் பூரா தரை தேய்க்கிற சத்தம்."

"தரையா?"

"தரைதான். ஞாயித்துக்கெழமை விருந்தாளி வர்றாங்களாம்."

தான் வருவதாக இவோனி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தட்டினாள். "செயு ஜெனாரோ?" உள்ளே ரேடியோவில் கால்பந்து வர்ணனை தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது. தள்ளினாள்.

முதலில் வாடை. புளித்துப்போன பீன்ஸ் குழம்பு, அதற்கு மேலே கனமாக, இனிப்பாக, புதிய தரை மெழுகு. ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாக பிற்பகல் வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்துகொண்டிருந்தது. மேசை, அலமாரி, தீர்சியின் தையல் இயந்திரம் எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டு, கூடத்தின் நடு வெறுமையாக இருந்தது. தரை பழைய காலத்துச் சிவப்பு சிமெண்ட். ஓர் அங்குலம் விடாமல் மெழுகித் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர்போலப் பளபளத்தது. கால் வைக்கவே கூசியது.

நடுவில் ஒரு நாற்காலி. அவள் கண் தரையை விட்டு உயரவில்லை. நாற்காலியின் கால்களும், அவருடைய செருப்பும், தொங்கும் கைகளும் மட்டும்தான் தெரிந்தன. விரல்கள் மெழுகில் சிவந்திருந்தன. காலடியில் ஒரு துணி.

"வாங்க" என்றார் ஜெனாரோ. கழுத்து இழுபட்ட குரல். "கால் வழுக்கும், பாத்து."

அந்த அக்கறைதான் அவளை உடைத்தது. குளிக்கும்போது சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. தரையில் மண்டியிட்டாள், இரண்டு உள்ளங்கைகளையும் சில்லென்ற சிவப்பு சிமெண்டில் ஊன்றினாள்.

"நான் உங்களுக்குக் காட்டினது தாய் இல்ல. இவளோட தாய் நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே செத்துப்போச்சு. இந்த நோயிலதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன். நீங்க கேட்டப்ப பழகிடும்னு எழுதுனதும் பொய்தான்." மூச்சு வாங்கியது. "என்னைத் திட்டுங்க, செயு ஜெனாரோ."

ரேடியோவில் யாரோ கோல் போட்டார்கள். கூட்டம் தூரத்தில் இரைந்தது.

"எதுக்குத் திட்டணும்?" என்றார். கோபமே இல்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். 'இதுதான் தாய்'னு சொன்னப்ப நீங்க தரையைப் பாத்தீங்க. பஸ்ஸுல டிக்கெட் எடுக்காம வர்றவங்க அப்படித்தான் பாப்பாங்க. முப்பத்தோரு வருஷம் கண்ணாடியில பாத்திருக்கேன்."

"தெரிஞ்சுமா வாங்கினீங்க?"

"பாவம், ஒரு பொம்பளை இவ்வளவு கூசிப்போறாங்களே, எதுக்கு வாயைத் தொறந்து சொல்ல வைக்கணும்னு நெனச்சேன்."

அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. நெற்றி கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. மெழுகு வாடை தொண்டை வரை போனது. முகவாய்க்கு அடியில் அந்த விரல். வந்துவிட்டது. அன்பாக. மேலே. மேலே.

"நிமிருங்க, டோனா இவோனி."

"முடியாது."

"பயப்படாதீங்க. ஒருக்காப் பாத்துட்டா அப்புறம் ஒண்ணுமில்ல."

"என்னால முடியாது. உங்களைப் பாக்க எனக்கு மூஞ்சி இல்ல."

சுரண்டும் சத்தம் நின்றது. அதுவரை அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே, நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சரி" என்றார் ஜெனாரோ. விழுங்கினார். "நீங்க குனிஞ்சுக்கிட்டேதான் வருவீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் மெழுகி வச்சேன்."

ரயில் வந்தது. ஜன்னல்கள் நடுங்கின. வெயில் கீற்றுகள் தரையில் நடுங்கின. அவள் கண்ணை மூடியிருக்கலாம். மூட நினைத்தாள்.

தரையின் பளபளப்புக்குள் நாற்காலி தலைகீழாகத் தெரிந்தது. அதில் ஜெனாரோ. பின்னால் மடங்கிய தலை. அவர் தோளில் நேராக நின்ற ஒரு தங்க நிறக் குச்சி. அவர்களுக்கும் கீழே, சிவப்பின் ஆழத்தில், கூரைப் பலகைகள். பலகைகளுக்கு நடுவில்—

அங்கே போக விடாமல் கண்ணை இழுத்தாள். கிட்டே. இன்னும் கிட்டே. தன் கைகள். தன் தலைமுடி. தன் முகம்.

தன் முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். வேறெதையும் பார்க்க வேண்டாம்.

பார்த்தாள்.

அவள் உதடுகளை இறுக்கிக் கடித்திருந்தாள். ஒரு கையை எடுத்துத் தொட்டும் பார்த்தாள். மூடித்தான் இருந்தன.

தரையில் இருந்த முகத்தின் வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. அதன் கண்கள் அவள் கண்களைப் பார்க்கவில்லை. அவள் தலையைத் தாண்டி, அவள் முதுகுக்கு மேலே, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்துகொண்டிருந்த எதையோ அவை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.